ஜார்ஜ் லூயிஸ் (கிளாரினெட் கலைஞர்)

ஜார்ஜ் லூயிஸ் (ஜூலை 13, 1900 – டிசம்பர் 31, 1968) அமெரிக்க ஜாஸ் இசைக்கலைஞர், கிளாரினெட் வாசிப்பாளர். ஜாஸ் இசை பிறந்த நகரமான நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, அந்நகரின் தொடக்ககால ஜாஸ் முறையை வாழ்நாள் முழுவதும் வாசித்தார். நாற்பத்திரண்டு வயது வரை இவரது வாசிப்பு எதுவும் இசைத்தட்டாக வெளிவரவில்லை. துறைமுகத்தில் சுமை தூக்கும் தொழிலாளியாக வேலை செய்தபடி ஊர்வலங்களிலும் நடன அரங்குகளிலும் வாசித்துவந்த லூயிஸ், 1940-களில் எழுந்த பழைய ஜாஸ் மீட்பு இயக்கத்தால் உலகறிந்த கலைஞரானார். ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் இசைப் பயணங்கள் மேற்கொண்டார். 'பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்' இவருடைய புகழ்பெற்ற படைப்பு.

பிறப்பு, குடும்பம்

ஜார்ஜ் லூயிஸ் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், நியூ ஆர்லியன்ஸ் நகரின் பிரெஞ்சுக் குடியிருப்பு என்று அழைக்கப்படும் பழைய பகுதியில் ஜூலை 13, 1900-ல் பிறந்தார். இயற்பெயர் ஜோசப் லூயி பிரான்சுவா ஸெனோன். தாய் ஆலிஸ் ஸீனோ. தாய்வழி முன்னோரில் ஒருவர் ஆப்பிரிக்காவின் செனகல் பகுதியிலிருந்து 1803 அளவில் அடிமையாக லூசியானாவுக்குக் கொண்டுவரப்பட்ட பெண். செனகல் மொழியின் சில சொற்களும் வழக்கங்களும் ஆலிஸ் ஸீனோவின் தலைமுறை வரை அக்குடும்பத்தில் நீடித்தன.

லூயிஸ் மெலிந்த உடல்வாகு கொண்டவர், குறைவாகப் பேசுபவர். அவரைப் பற்றி எழுதியவர்கள் பலரும் இந்த இரண்டையும் குறிப்பிட்டுள்ளனர்.

நியூ ஆர்லியன்ஸின் இசைச்சூழல்

லூயிஸின் இசை வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, அவர் வளர்ந்த நகரில் இசைக்கு என்ன வேலை இருந்தது என்பதை அறிய வேண்டும். நியூ ஆர்லியன்ஸில் பித்தளைக் கருவிக் குழுக்கள் இல்லாமல் பொது நிகழ்ச்சிகள் நடப்பது அரிது. கறுப்பினத்தவரின் உதவிச் சங்கங்கள் உறுப்பினர்களிடம் சிறு தொகை வசூலித்து நோய்க்கும் சாவுக்கும் உதவி வழங்கின. உறுப்பினர் ஒருவர் இறந்தால் சங்கத்தின் செலவில் இசைக்குழு வரும். இடுகாட்டுக்குச் செல்லும்போது தேவாலயப் பாடல்களை மெதுவான நடையில் வாசிப்பார்கள். அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான மெட்டுகளுக்கு மாறுவார்கள். தெருவில் இருப்பவர்கள் குழுவின் பின்னால் ஆடியபடி வருவார்கள். இவை தவிர நடன அரங்குகள், ஏரிக்கரைக் கேளிக்கைகள், மார்டி கிரா திருவிழா என ஆண்டு முழுவதும் வாசிப்பவர்களுக்கு வேலை இருந்தது.

ஜாஸ் இந்தச் சூழலில் உருவானது. இசைக்கல்லூரியில் பயின்ற கிரியோல் கலைஞர்களும், கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்ட கலைஞர்களும் ஒரே தெருவில் வாசித்தனர். பெரும்பாலானோருக்கு இசை முழுநேரத் தொழில் அல்ல. பகலில் கொத்து வேலை, தச்சு வேலை, சுருட்டு சுற்றுதல், துறைமுக வேலை எனப் பிழைப்பு வேறாக இருந்தது.

இசைக்கல்வி

சிறுவயதில் லூயிஸின் கையில் கிடைத்த முதல் கருவி ஒரு விளையாட்டுக் குழல். பதின்ம வயதில் கிளாரினெட்டுக்கு மாறினார். முறையாக எவரிடமும் பயிலவில்லை. இசைக்குறிப்புகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளவும் இல்லை. பிறர் வாசிப்பதைக் கேட்டு நினைவில் வைத்துத் தானே வாசித்துப் பழகினார். கடைசிவரை அப்படியே வாசித்தார்.

கிளாரினெட் நாணலால் ஒலிக்கும் துளைக்கருவி. நாகசுரத்தின் சீவாளியில் நாணல் இதழ்கள் ஒன்றோடொன்று அதிர்கின்றன. கிளாரினெட்டில் ஒரே ஒரு நாணல் பட்டை ஊதுவாயின் மேல் கட்டப்பட்டிருக்கும். ஊதும்போது அது அதிர்ந்து குழலுக்குள் இருக்கும் காற்றை ஒலிக்கச் செய்கிறது. தாழ்ந்த தொனியில் மரத்தின் கனமும், உயர்ந்த தொனியில் கூர்மையும் இக்கருவிக்கு உண்டு. நியூ ஆர்லியன்ஸின் பழைய கலைஞர்கள் பலர் 'ஆல்பர்ட் முறை' எனப்படும் பழைய விசை அமைப்புள்ள கிளாரினெட்டை விரும்பினர். பிற்காலத்தில் பரவலான போம் முறையில் விரல்கள் எளிதாக ஓடும். ஆனால் பழைய கருவியின் பருத்த ஒலி அதில் கிடைப்பதில்லை என்பது அவர்களின் கருத்து.

தொடக்ககால இசை வாழ்க்கை

லூயிஸ் 1917-ல் மாண்டவில் என்னும் ஏரிக்கரை ஊரில் பிளாக் ஈகிள் இசைக்குழுவில் சேர்ந்து வாசித்தார். அதே ஆண்டில்தான் 'ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட்' என்னும் வெள்ளையர் குழு நியூயார்க்கில் உலகின் முதல் ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்தது. 1920-களில் பட்டி பெடிட், கிறிஸ் கெல்லி ஆகியோரின் குழுக்களில் லூயிஸ் வாசித்தார். 1923-ல் சொந்தமாக ஒரு குழு அமைத்தார். பின்னாளில் புகழ்பெற்ற டிரம்பெட் கலைஞரான ஹென்றி 'ரெட்' ஆலன் அக்குழுவில் இருந்தார். யுரேகா பிராஸ் பேண்ட் போன்ற ஊர்வலக் குழுக்களிலும் லூயிஸ் வாசித்தார்.

இதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸின் முன்னணிக் கலைஞர்கள் வடக்கே சென்றனர். கிங் ஆலிவர் 1918-ல் சிகாகோ சென்றார். 1922-ல் லூயி ஆம்ஸ்ட்ராங்கை அங்கே அழைத்துக்கொண்டார். கிளாரினெட் கலைஞர்கள் ஜானி டாட்ஸ், ஜிம்மி நூன் ஆகியோரும் சிகாகோவில் தங்கினர். இசைத்தட்டு நிறுவனங்கள் வடக்கு நகரங்களில் இருந்ததால் அவர்களின் வாசிப்பு பதிவானது. ஊரில் தங்கியவர்களின் இசையில் பெரும்பகுதி காற்றோடு போயிற்று. ஊர் கொண்டாடிய டிரம்பெட் கலைஞர் பட்டி பெடிட்டின் வாசிப்பில் ஒரு சுரம்கூட இன்று கேட்கக் கிடைப்பதில்லை. கிறிஸ் கெல்லியின் நிலையும் அதுவே. லூயிஸ் ஊரில் தங்கியவர்களில் ஒருவர்.

ரெய்ன் நகரக் கொலை

1931 நவம்பரில் லூயிஸ், டிரம்பெட் கலைஞர் எவன் தாமஸின் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தார். முன்தலைமுறை டிரம்பெட் கலைஞரான பங்க் ஜான்சனும் அக்குழுவில் இருந்தார். லூசியானாவின் ரெய்ன் நகரில் நடந்த நடன நிகழ்ச்சியில் ஒருவன் மேடையேறி எவன் தாமஸைக் கத்தியால் குத்திக் கொன்றான். இசைக்கருவிகள் அடித்து நொறுக்கப்பட்டன. குழு சிதறியது. பங்க் ஜான்சன் தன் கருவியை இழந்தார். பற்களும் கெட்டுப்போகவே வாசிப்பதையே நிறுத்திவிட்டார்.

துறைமுகத் தொழிலாளி

1929-ல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சி நியூ ஆர்லியன்ஸின் இசைத்தொழிலையும் தாக்கியது. நடன அரங்குகள் மூடப்பட்டன. இருந்தவையும் குறைந்த கூலியே கொடுத்தன. மக்களின் ரசனை ஸ்விங் எனப்படும் பெரிய குழு இசைக்கு மாறியது. எழுதி வைத்த இசைக்குறிப்பைப் பார்த்து வாசிக்கும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்களில் குறிப்பு படிக்கத் தெரியாத லூயிஸுக்கு இடம் கிடைப்பது கடினம்.

லூயிஸ் மிசிசிப்பி ஆற்றுத் துறைமுகத்தில் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலைக்குச் சென்றார். இரவில் மதுக்கூடங்களில் பில்லி பியர்ஸ், டி டி பியர்ஸ் போன்ற கலைஞர்களுடன் வாசித்தார். ஊர்வலம், சாவு ஊர்வலம் என்று அழைப்பு வரும் நாட்களில் குழுவோடு தெருவில் நடந்தார். அடுத்த பத்தாண்டுகள் இப்படியே சென்றன. வெளியுலகம் அழிந்துவிட்டதாக நினைத்த ஓர் இசையை அவரும் அவரைப் போன்ற பல பத்துப் பேரும் அன்றாடக் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்தனர்.

மீட்பு இயக்கம்

1939-ல் 'ஜாஸ்மென்' என்னும் நூல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஃபிரெடெரிக் ராம்சே, சார்லஸ் எட்வர்ட் ஸ்மித் ஆகியோர் தொகுத்த இந்நூலுக்காகப் பழைய கலைஞர்களைத் தேடியவர்கள், லூசியானாவின் நியூ ஐபீரியா நகரில் பங்க் ஜான்சன் உயிரோடு இருப்பதைக் கண்டறிந்தனர். அவருக்குப் புதிய பற்கள் கட்டப்பட்டன. பற்களைச் செய்தவர் ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷேயின் அண்ணனும் பல் மருத்துவருமான லெனார்ட் பெஷே. ஜான்சனுக்குக் கருவியும் கிடைத்தது. ஜூன் 1942-ல் நியூ ஆர்லியன்ஸில் அவரது வாசிப்பைப் பதிவு செய்ய ஆய்வாளர்கள் வந்தனர். கிளாரினெட் வாசிக்க ஜார்ஜ் லூயிஸ் அழைக்கப்பட்டார்.

இசைத்தட்டுகள் வெளிவந்தபோது, ஜான்சனுக்காக வாங்கியவர்கள் பலர் கிளாரினெட் வாசிப்பவர் யார் என்று கேட்டனர். மே 1943-ல் லூயிஸின் பெயரிலேயே ஒரு பதிவு நடந்தது. 'ஜார்ஜ் லூயிஸும் நியூ ஆர்லியன்ஸ் ஸ்டாம்பர்ஸும்' என்ற பெயரில் கிட் ஹோவர்ட் (டிரம்பெட்), ஜிம் ராபின்சன் (டிராம்போன்), லாரன்ஸ் மரேரோ (பாஞ்சோ), செஸ்டர் ஸார்டிஸ் (டபுள் பேஸ்), எட்கர் மோஸ்லி (டிரம்ஸ்) ஆகியோர் உடன் வாசித்தனர். 'கிளைமாக்ஸ்' என்னும் பெயரில் வெளிவந்த இந்த இசைத்தட்டுகள் பழைய நியூ ஆர்லியன்ஸ் இசையின் முதன்மையான ஆவணங்களில் சேர்கின்றன.

பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்

1944-ல் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சரக்குப் பெட்டி ஒன்று லூயிஸின் மார்பை நசுக்கியது. ஊதுகருவி வாசிப்பவருக்கு மூச்சுதான் மூலதனம். மீண்டும் வாசிக்க முடியுமா என்ற கேள்வியோடு செயின்ட் பிலிப் தெருவிலிருந்த வீட்டில் படுத்திருந்தார். படுக்கையிலேயே கிளாரினெட் வாசித்துப் பழகத் தொடங்கினார்.

பாஞ்சோ கலைஞர் லாரன்ஸ் மரேரோவும், 'ஸ்லோ டிராக்' என்று அழைக்கப்பட்ட டபுள் பேஸ் கலைஞர் அல்சிட் பாவஜோவும் தங்கள் கருவிகளோடு அவர் வீட்டுக்கு வந்தனர். இசையமைப்பாளரும் ஆய்வாளருமான வில்லியம் ரஸ்ஸல், எடுத்துச் செல்லக்கூடிய ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்தார். படுக்கையருகே மூவரும் வாசித்ததை ரஸ்ஸல் பதிவு செய்தார். அதில் ஒன்றுதான் 'பர்கண்டி ஸ்ட்ரீட் ப்ளூஸ்'. பர்கண்டி தெரு அதே பகுதியில் உள்ள ஒரு தெரு.

இப்படைப்பில் வேகமோ வித்தை காட்டுதலோ இல்லை. எளிய மெட்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சுரம் நீள்கிறது, ஒன்று வளைகிறது, ஒன்று விடுபடுகிறது. டிரம்பெட்டும் டிராம்போனும் டிரம்ஸும் இல்லாததால் கிளாரினெட்டின் மூச்சு நேரடியாகக் கேட்கிறது. லூயிஸ் உலகில் எங்கு சென்றாலும் ரசிகர்கள் இதை வாசிக்கும்படி கேட்டனர்.

ரஸ்ஸல் அதே ஆண்டில் 'அமெரிக்கன் மியூசிக்' என்னும் சிறு இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கோடைகாலத்தில் சான் ஹசிந்தோ அரங்கில் ஜான்சன், லூயிஸ் ஆகியோரின் வாசிப்பை விரிவாகப் பதிவு செய்தார்.

நியூயார்க்

செப்டம்பர் 28, 1945 அன்று பங்க் ஜான்சனின் குழு நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் காசினோ அரங்கில் வாசிக்கத் தொடங்கியது. லூயிஸ், ஜிம் ராபின்சன், மரேரோ, பாவஜோ ஆகியோருடன் பியானோவுக்கு ஆல்டன் பர்னெலும் டிரம்ஸுக்கு பேபி டாட்ஸும் இருந்தனர். பத்திரிகைகள் எழுதின. கூட்டம் வந்தது. டெக்கா, விக்டர் ஆகிய பெரிய நிறுவனங்கள் இக்குழுவைப் பதிவு செய்தன.

அதே நகரில், அதே பருவத்தில், ஜாஸின் மறுமுனையும் பதிவாகிக்கொண்டிருந்தது. நவம்பர் 26, 1945-ல் இருபத்தைந்து வயதான சாக்சபோன் கலைஞர் சார்லி பார்க்கர் 'கோ-கோ' என்னும் பதிவைச் செய்தார். பீபாப் எனப்படும் புதிய ஜாஸின் அடையாளம் அது. அமெரிக்க இசை விமர்சகர்கள் இரு கட்சிகளாகப் பிரிந்தனர். பழைய இசையின் ஆதரவாளர்களை எதிர்த்தரப்பினர் 'பூசணம் பிடித்த அத்திப்பழங்கள்' என்று கேலி செய்தனர். பழமைத் தரப்பினர் புதிய இசையை ஜாஸே அல்ல என்றனர். லூயிஸ் இச்சண்டையில் ஒரு சின்னமாக ஆக்கப்பட்டார். அவருக்கு அது ஊரில் வாசித்துவந்த இசையை வேறொரு ஊரில் வாசிக்கும் வேலையாகவே இருந்தது.

குழுவுக்குள்ளும் ஒரு முரண் இருந்தது. மீட்பு இயக்கத்தின் நாயகனாகக் கொண்டாடப்பட்ட பங்க் ஜான்சன் புதிய பாடல்களை வாசிக்க விரும்பினார். குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள் தனக்கு வேண்டும் என்றார். 1947-ல் அத்தகைய கலைஞர்களைக் கொண்டே தன் கடைசிப் பதிவைச் செய்தார். அவர் 1949-ல் மறைந்தார். லூயிஸும் பிறரும் அதற்கு முன்பே நியூ ஆர்லியன்ஸ் திரும்பிவிட்டனர்.

சொந்தக் குழு

ஊர் திரும்பியபின் குழுவின் தலைமை லூயிஸிடம் வந்தது. மேனிஸ் டாவர்ன் என்னும் மதுக்கூடத்தில் வாசித்தனர். ஜூன் 6, 1950 தேதியிட்ட 'லுக்' இதழில் நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பற்றி ஒரு படக்கட்டுரை வெளிவந்தது. புகைப்படங்களை எடுத்தவர் அப்போது அவ்விதழின் புகைப்படக் கலைஞராக இருந்த ஸ்டான்லி குப்ரிக். பின்னாளில் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' திரைப்படத்தை இயக்கியவர் அவர். இக்கட்டுரை லூயிஸை நாடு முழுவதும் அறியச் செய்தது.

1950-களில் கிட் ஹோவர்ட், ஜிம் ராபின்சன், ஆல்டன் பர்னெல், மரேரோ, பாவஜோ, டிரம்ஸ் கலைஞர் ஜோ வாட்கின்ஸ் ஆகியோர் லூயிஸ் குழுவின் நிலையான கலைஞர்கள். சான் பிரான்சிஸ்கோவின் ஹேங்ஓவர் கிளப்பில் வாசித்தனர். ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகங்களில் வாசித்தனர். மாணவர்கள் பெருமளவில் வந்தனர். 1954-ல் ஓஹியோவின் ஆக்ஸ்போர்டு நகரில், தேவாலய மாலை வழிபாட்டில் இக்குழு வாசித்தது 'ஜாஸ் அட் வெஸ்பர்ஸ்' என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. சாவு ஊர்வலங்களில் வாசித்துவந்த பக்திப் பாடல்களையே அவர்கள் அங்கும் வாசித்தனர்.

வெளிநாட்டுப் பயணங்கள்

லூயிஸ் இங்கிலாந்துக்குச் செல்லும் முன்பே அவரது இசைத்தட்டுகள் அங்கே சென்றிருந்தன. ஆங்கிலேய டிரம்பெட் கலைஞர் கென் காலியர் நியூ ஆர்லியன்ஸ் செல்வதற்காகவே வணிகக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்தார். 1952-ல் அமெரிக்கத் துறைமுகமான மொபீலில் கப்பலை விட்டுவிட்டு நியூ ஆர்லியன்ஸ் சென்று லூயிஸ் குழுவினரோடு வாசித்தார். நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த நகரில் வெள்ளையர் ஒருவர் கறுப்பினக் குழுவோடு அமர்ந்து வாசிப்பது வழக்கத்தை மீறிய செயல். அனுமதிக் காலம் முடிந்தும் தங்கியதற்காகச் சிறையில் அடைக்கப்பட்டு 1953-ல் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஊர் திரும்பிய காலியர், தான் கேட்டதை வாசிக்கும் குழுக்களை அமைத்தார். இங்கிலாந்தின் 'டிராட்' இயக்கம் வலுப்பெற்றதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1957-ல் லூயிஸ் தனியாக இங்கிலாந்து வந்து காலியரின் குழுவோடு வாசித்தார். 1959-ல் தன் சொந்தக் குழுவோடு ஐரோப்பா வந்தார். அப்பயணத்தின்போது டென்மார்க்கின் பாப்பா பூ வைக்கிங் ஜாஸ் பேண்டுடன் இணைந்து பதிவு செய்தார். 1963, 1964, 1965 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஜப்பானில் இசைப்பயணம் செய்தார். அங்கே பெரிய அரங்குகளில் வாசித்தார். ஜப்பானிய இளைஞர்களிடையே நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் வேரூன்ற இப்பயணங்கள் காரணமாயின.

பிரிசர்வேஷன் ஹால்

1961-ல் நியூ ஆர்லியன்ஸின் செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால் தொடங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபி தம்பதியினர். மது இல்லை, நடனம் இல்லை. மர பெஞ்சுகளிலும் தரையிலும் அமர்ந்து பழைய கலைஞர்களின் இசையைக் கேட்கும் சிறிய இடம் அது. லூசியானா மாநிலம் 1956-ல் இயற்றிய சட்டம் கறுப்பரும் வெள்ளையரும் கேளிக்கைகளில் கலப்பதைத் தடை செய்திருந்தது. அதை எதிர்த்து லூயி ஆம்ஸ்ட்ராங் தன் சொந்த ஊரில் பல ஆண்டுகள் வாசிக்க மறுத்தார். அக்காலத்தில் இரு இனத்தவரும் சேர்ந்து இசை கேட்ட மிகச்சில இடங்களில் பிரிசர்வேஷன் ஹால் ஒன்று. லூயிஸ் மறைவதற்குச் சற்றுமுன் வரை அங்கே வாசித்தார்.

வாசிப்பு முறை

தொடக்ககால நியூ ஆர்லியன்ஸ் ஜாஸில் முன்வரிசைக் கருவிகள் மூன்று. டிரம்பெட் மெட்டை எடுத்துச் செல்லும். டிராம்போன் கீழ்த் தொனியில் சறுக்கி மெட்டின் இடைவெளிகளை நிரப்பும். கிளாரினெட் இவ்விரண்டுக்கும் மேலே கொடிபோலப் படர்ந்து செல்லும். மூன்றும் ஒரே நேரத்தில் மனோதர்மமாக வாசிக்கும். ஒன்று மற்றதைக் கேட்டுக்கொண்டே வாசிப்பதால் நெரிசல் ஏற்படுவதில்லை. ஒருவர் பின் ஒருவராகத் தனி வாசிப்பு செய்யும் பிற்கால ஜாஸிலிருந்து இது வேறுபட்டது.

லூயிஸின் பலம் இந்தக் கூட்டு வாசிப்பில் இருந்தது. சுருதிக்கோவையின் சுரங்களைத் தனித்தனியாகப் பிரித்து, படியேறி இறங்குவதுபோல ஓட்டமாக வாசிப்பார். அகலமான அதிர்வு கொண்ட தொனி அவருடையது. மெதுவான பாடல்களில் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டி, அதன் முடிவை மனிதக் குரல் தழுதழுப்பதுபோல நடுங்கவிடுவார். பக்திப் பாடல்களும் ப்ளூஸும் அவர் கையில் ஒன்றுபோல ஒலித்ததற்கு இதுவே காரணம்.

அவர் வாசித்தவை அனைத்தும் பழங்காலப் பாடல்கள் அல்ல. 'ஐஸ் கிரீம்' என்னும் பாடல் 1927-ல் வெளிவந்த வணிகப் பாடல். லூயிஸ், ஜிம் ராபின்சன் பதிவின் வழியாக அது நியூ ஆர்லியன்ஸ் மரபின் பகுதியாயிற்று. 1954-ல் இங்கிலாந்தின் கிறிஸ் பார்பர் குழு அதைப் பதிவு செய்து ஐரோப்பாவில் பிரபலமாக்கியது. லூயிஸ் வாசித்த 'ஓவர் தி வேவ்ஸ்' மெக்சிகோ இசையமைப்பாளர் ஹுவென்டினோ ரோசாஸ் எழுதிய வால்ட்ஸ் இசை. கேட்டவர்கள் எதை விரும்பினார்களோ அதைத் தங்கள் முறையில் வாசிப்பதே நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களின் வழக்கம். மரபு என்பது பாடல் பட்டியலில் அல்ல, வாசிக்கும் முறையில் இருந்தது.

விமர்சனங்கள்

லூயிஸின் வாசிப்பில் சுருதி விலகுகிறது என்பது தொடர்ந்து சொல்லப்பட்ட குறை. குறிப்பு படிக்கத் தெரியாதவர், வளர்ச்சியற்ற இசையை வாசிப்பவர் என்றும் நவீன ஜாஸ் விமர்சகர்கள் எழுதினர். ஜானி டாட்ஸ், சிட்னி பெஷே போன்றோரின் கற்பனை வீச்சு அவரிடம் இல்லை என்பவர்களும் உண்டு. சில பதிவுகளில் சுருதி விலகல் இருப்பது காதுக்குத் தெரிகிறது. உடல்நலம் குன்றிய பிற்காலத்தில் வாசிப்பின் தரம் நாளுக்கு நாள் மாறுபட்டது.

மறுபக்கத்தில் அவரது ரசிகர்கள் செய்த பிழையும் உண்டு. லூயிஸைக் காலத்தால் தீண்டப்படாத தூய கலைஞராக அவர்கள் சித்தரித்தனர். லூயிஸ் வானொலியும் இசைத்தட்டும் நிறைந்த நகரில் வாழ்ந்தவர். தன் காலத்துப் பாடல்களைக் கேட்டவர், வாசித்தவர். பங்க் ஜான்சனின் விருப்பங்கள் காட்டுவதுபோல, பழமையைக் காக்க வேண்டும் என்ற அக்கறை கலைஞர்களைவிட அவர்களைத் தேடி வந்தவர்களுக்கே அதிகம் இருந்தது. அதே சமயம், அந்த அக்கறை இல்லாதிருந்தால் லூயிஸின் வாசிப்பும் பட்டி பெடிட்டின் வாசிப்பைப் போலத் தடமின்றிப் போயிருக்கும். இவ்விரண்டையும் சேர்த்தே மீட்பு இயக்கத்தை மதிப்பிட வேண்டும்.

மறைவு

ஜார்ஜ் லூயிஸ் டிசம்பர் 31, 1968-ல் நியூ ஆர்லியன்ஸில் மறைந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் நகரின் பித்தளைக் கருவிக் குழுக்கள் வாசித்தன.

வாழ்க்கை வரலாறுகள்

லூயிஸ் வாழ்ந்தபோதே 'கால் ஹிம் ஜார்ஜ்' என்னும் வாழ்க்கை வரலாறு 1961-ல் வெளிவந்தது. ஜே அலிசன் ஸ்டூவர்ட் என்னும் புனைபெயரில் அதை எழுதியவர் லூயிஸின் மேலாளராக இருந்த டோரதி டெயிட். டாம் பெத்தல் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 1977-ல் வெளிவந்தது.

இசை உலகில் இடம்

லூயிஸின் தாக்கம் அமெரிக்காவைவிட ஐரோப்பாவில் அதிகம். ஆங்கிலேய கிளாரினெட் கலைஞர்களான மான்டி சன்ஷைன், ஆக்கர் பில்க், சாமி ரிமிங்டன் ஆகியோர் லூயிஸின் தொனியைப் பின்பற்றித் தொடங்கியவர்கள். பில்க்கின் 'ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி ஷோர்' 1962-ல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. திரைப்பட இயக்குநர் வுடி ஆலன் கிளாரினெட் வாசிப்பவர். அவர் தன் ஆதர்சக் கலைஞர்களில் ஒருவராகக் குறிப்பிடுவது லூயிஸை.

நுட்பத்தில் லூயிஸை விஞ்சிய கிளாரினெட் கலைஞர்கள் ஜாஸில் பலர் உண்டு. அவரது இடம் வேறு. இசைத்தட்டுகளுக்கு வெளியே, தெருக்களிலும் சாவு ஊர்வலங்களிலும் நடன அரங்குகளிலும் வாழ்ந்த ஜாஸ் எப்படி ஒலித்தது என்பதை அறிய அவரது பதிவுகளே சிறந்த வழிகளில் ஒன்று. வடக்கே சென்ற கலைஞர்களின் வரலாறு ஜாஸ் எப்படி மாறியது என்பதைச் சொல்கிறது. ஊரிலேயே தங்கி, பகலில் சுமை தூக்கி இரவில் வாசித்த லூயிஸின் வரலாறு, அந்த இசை யாருடைய அன்றாட வாழ்க்கையிலிருந்து எழுந்தது என்பதைச் சொல்கிறது.